தொட்டி மீனும் கெரே மீனும்

விரலைத் தண்ணீரில் விட்டால் போதும், கூட்டமாக வந்து கொறிக்கும். அந்தக் கூச்சம் முழங்கை வரை ஏறும். ஒக்கலிபுரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்து வீடுகள் கொண்ட எங்கள் "வட்டாரா"வின் கல் தொட்டியில் என் தம்பி குமார் வளர்த்த மீன்கள் அவை. ரயில் பாதைக்கு அப்பாலிருந்த "கெரே"யில், அதாவது ஏரியில், மண் நிறப் பொடி மீன்கள் நாலைந்தைத் துண்டில் அள்ளி வந்து விட்டிருந்தான். தொட்டியில் அவற்றைத் தின்ன எதுவும் இல்லை. மூன்று வருஷத்தில், குட்டிக்குக் குட்டி வாலில் சிவப்பும் நீலமும் கூடிக்கொண்டே போய், ஆண் மீன்களெல்லாம் கல்யாண மாப்பிள்ளைகளாகத் திரிந்தன.

நான் நான்காம் வகுப்போடு நின்றவள். இன்று பீன்யாவில் என் பட்டறையில் முப்பது பேர் வேலை செய்கிறார்கள்; படித்த இன்ஜினியர்களும் என்னைக் கேட்டுத்தான் மெஷினில் கை வைப்பார்கள். பதினொரு வயதிலேயே நான் அப்படித்தான், யாரிடமும் யோசனை கேட்க மாட்டேன்.

அந்த யுகாதிக்குத் தொட்டியைக் காலி செய்து சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். குமாருக்கோ அம்மை போட்டிருந்தது; வேப்பிலைப் படுக்கையை விட்டு எழக்கூடாது. "அக்கா, அண்டாவுல விட்டு வைக்கா, ரெண்டே நாளு" என்று கெஞ்சினான். அண்டாவில் சுண்ணாம்பு கரைத்திருந்தார்கள். வேறு பாத்திரத்துக்காக நான் போய் ஒவ்வொரு வாசலிலும் நிற்பதா? ஏரியில் பிறந்த இனம் ஏரிக்கே போகட்டும் என்று பக்கெட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முனியப்பண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ தாயி, ஜரிகை கட்டினதுங்கள கொண்டாந்து விரால் வாயில ஊத்திட்டியே! இங்க மினுக்குனதெல்லாம் எப்பவோ அது வவுத்துக்குள்ள போயிடுச்சு. சேத்தோட சேந்தாப்ல இருந்ததுதான் தப்பிச்சு குட்டி போட்டுச்சு. அந்த வம்சம்தான் இங்க இருக்கறது."

"ஏன், உங்க விரால் கண்ணாடி போட்டுக்கினு தேடுமா?" என்றேன். வாய் மூடுவதற்குள் தண்ணீர் இரண்டு முறை "தளக்"கென்றது. மீன்கொத்தி ஒன்றும் வந்து சேர்ந்தது. பொழுது சாயும்வரை நின்று பார்த்தேன். ஒரு சிவப்பு வால்கூடக் கண்ணில் படவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கையிலிருந்தே குமார் கேட்டான்: "என் மீனுங்க எப்படிக்கா இருக்கு?"

"கெரேல ஜம்முனு இருக்குடா. விராலுக்குப் பயந்து பழைய சட்டைய மாட்டிக்கிச்சுங்க, அவ்ளோதான்."

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனான். கரையோரம் மண் நிறத்தில் ஒன்று நின்றது. "இதுதான்க்கா நம்ம பெரிய மாப்பிள்ளை! என்னைப் பாத்து வாலாட்டுது பாரேன்!" தழும்பு ஆறாத முகம் முழுக்கச் சிரிப்பு. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தொட்டி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஏரியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியாயிற்று. விராலும் இல்லை, அதற்குத் தப்பிய மண் நிற மீன்களும் இல்லை. சந்தாபுராவில் இருக்கும் குமார் மட்டும், பயந்தால் மீன் சட்டை மாற்றும் என்று தன் பேரப்பிள்ளைகளுக்கு இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். தப்பு என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளாமலே தொழில் நடத்தியவள் நான். இதை அவன் படிப்பான்.

குமாரு, ஒரு மீனும் சட்டை மாற்றவில்லையடா. பளபளத்தவை எல்லாம் அன்றைக்கே போய்விட்டன. கொண்டுபோய்க் கவிழ்த்தவள் உன் அக்காதான்.