வாங்க அக்காவின் கை

பல்கலைக்கழகத்தின் பின்வாசல் தெருவில் அவளுக்கு ‘வாங்க அக்கா’ என்று பெயர். போகிற வருகிறவர்களை “வாங்க, வாங்க” என்று கூப்பிடுவதுதான் அவள் வேலை. அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களுக்கு இலவசமாக பிரஷர் பார்க்க, பல்கலைக்கழக கிளினிக் சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு மேசை போட்டது. மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு மாணவர்கள். முன்னால் வெறும் காற்று.

தன் வாய்ச்சாமர்த்தியத்தில் அவளுக்குப் பெரிய நம்பிக்கை. “இந்தத் தெருவுல என் பேச்சை யாரும் தட்ட மாட்டாங்க டாக்டர்” என்று அளந்துவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தாள். வீட்டில் புருஷனே அவள் பேச்சைக் காதில் வாங்குவதில்லை என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

அன்று காலை பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்: “இன்னைக்கும் யாரும் வரலன்னா மேசையை எடுத்துடலாம்மா. ஈ ஓட்ட எதுக்கு இத்தனை பேர்?”

மேசை போனால் அவள் வேலையும் போகும். புருஷன் சிரிப்பானே, அதுதான் இன்னும் கொடுமை.

அவளிடம் ஒரே ஒரு வித்தைதான் உண்டு. யாராவது தயங்கி நின்றால், தானே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிடுவாள். மெஷின் ‘பீப்’ என்றதும் கையில் சுற்றிய பட்டையை உருவிப் போட்டுவிட்டு எழுவாள். நின்றவருக்கு நாற்காலி வேண்டுமே! அவரோ அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

அன்று அகப்பட்டவர் எதிர்க்கடைத் தையல்காரர். கழுத்தில் டேப் தொங்க, நூல்கண்டு வாங்கக் கிளம்பியிருந்தார்.

“அண்ணே, வாங்கண்ணே!”

“ஆளை விடும்மா. பசங்க படிக்கிறதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காதுண்ணே. பாருங்க.” பொத்தென்று உட்கார்ந்து கையை நீட்டினாள். மாணவி பழக்கதோஷத்தில் பட்டையைச் சுற்றினாள்.

“வாராவாரம் உன் கையைத்தான் கட்டுறாங்க. உனக்கு எவ்வளவு இருக்கு?”

“இது சும்மா காட்டுறதுக்குண்ணே. நம்பரெல்லாம் யாரு பார்த்தா?”

“அளவெடுத்துட்டு நம்பரைப் பார்க்காம டேப்பை சுருட்டுற ஆளை இப்பதான் பார்க்கிறேன்.”

‘பீப்.’ மாணவி முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள். “அக்கா, எழுந்திரிக்காதீங்க.” மறு கையிலும் கட்டிப் பார்த்தாள். பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

“நூத்தி எழுபத்தெட்டு! இதை வெச்சுக்கிட்டா வெயில்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தீங்க?” என்றார் டாக்டர்.

“படி ஏறி வந்தேன் டாக்டர்.”

“இங்க ஏதும்மா படி?”

“ராத்திரி சரியாத் தூங்கல. மெஷின் வேற பழசு.”

சொல்லும்போதே அவளுக்கு நாக்கு கூசியது. பிரஷர் பார்க்காமல் தப்பிக்கத் தெருவில் ஆளாளுக்குச் சொன்ன சாக்குகள் அத்தனையும் இவை. ஒவ்வொன்றுக்கும் அவள் வாய் வலிக்கப் பதில் சொல்லியிருக்கிறாள்.

“உள்ள போய்ப் படுங்க” என்றார் டாக்டர்.

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. தையல்காரர் இரண்டு கைகளையும் விரித்தார். “வாங்கக்கா, வாங்க! ஒண்ணும் பண்ணாது.”

தெருவே சிரித்தது. வாங்க அக்கா திட்டு வாங்குவதை வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி அங்கே கூடியிருந்தது. சிரித்து முடித்த தையல்காரர் சட்டைக் கையை மெதுவாக மடித்தார். “கல்லு மாதிரி இருக்கிறவ, இவளுக்கே இப்படின்னா... எனக்கும் பார்த்துடும்மா.” அவர் பின்னால் இஸ்திரிக்காரர் நின்றார். அவர் பின்னால் அவர் மனைவி, பிறகு மனைவியின் தம்பி.

பின்வாசலை ஒட்டிய கிளினிக்கின் உள்ளறையில், மாத்திரை போட்டுவிட்டுப் பேசாமல் படுத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஜன்னல் வழியே வரிசை தெரிந்தது. கடைசியில் நின்ற ஒருவர் நழுவப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். மாணவி உதட்டில் விரலை வைத்தாள். வேலையில் சேர்ந்த பிறகு அவள் வாயை மூடியிருந்தது அன்றுதான். மேசைக்குக் கூட்டம் வந்ததும் அன்றுதான்.

சாயங்காலம் டாக்டர் எட்டிப் பார்த்தார். “மேசை இருக்கட்டும்மா. அடுத்த வாரமும் வாங்க. நீங்க கூப்பிட வேணாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.”

இறங்கியிருந்த பிரஷர் மறுபடி ஏறுவது போலிருந்தது அவளுக்கு.