புதுப் பள்ளிக்கூடமும் இரண்டு ‘ஓம்’களும்

அண்மையில் ஒரு சனிக்கிழமை என் கணவர் ரவி ஒரே கதிரையில் இருந்துகொண்டு, இரண்டு பேருக்கு நேரெதிரான இரண்டு வாக்குக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் தேநீர் போட்டது நான்தான். அதனால் சாட்சியும் நான்தான்.

விஷயம் பள்ளிக்கூடம். பேர்ண் நகரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஏழாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பழைய பள்ளியில் இடம் போதவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒன்று கட்டப் போகிறார்கள். நல்லதுதானே? கட்டடத்தில் யாருக்கும் சண்டை இல்லை. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று ஊர்ப் படத்தில் ஒரு கோடு போட்டார்களே... அங்கேதான் தொடங்கியது.

இங்கே பிள்ளையின் பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் விலாசம் தேர்ந்தெடுக்கும். நகரசபை போட்ட கோடு பெரிய வீதியின் நடுவால் நீளத்துக்குப் போனது. ஒரு பக்கம் தொடர்மாடிகள் — தமிழர், அல்பானியர், போர்த்துக்கேயர். மறுபக்கம் தோட்டம் வைத்த வீடுகள் — சுவிஸ்காரர்கள், அவர்களுக்கு நடுவில் எங்களைப் போல் வீதியைக் கடந்து வந்த ஒன்றிரண்டு தமிழர். தொடர்மாடிப் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி. தோட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய பள்ளி.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதற்கு மாற்று யோசனை வைத்தார். கோட்டைத் திருப்பிப் போடுவோம், அது வீதியைக் குறுக்கே வெட்டட்டும் என்றார். வீதியின் மேல்பாதியில் இருப்பவர்கள், எந்தப் பக்கமென்றாலும், பழைய பள்ளிக்கு. கீழ்ப்பாதி புதுப் பள்ளிக்கு. எல்லாப் பிள்ளைகளும் கலந்து படிப்பார்கள். எதை ஏற்பது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்யும்.

எங்கள் வீடு கீழ்ப்பாதியில். அதாவது கோடு திரும்பினால் எங்கள் மகள் மிதுஷா ஏழாம் வகுப்புக்குப் பழைய பள்ளிக்குப் போகாமல், ரயில் பாலம் ஏறி இறங்கிப் புதுப் பள்ளிக்குப் போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு மோசர். பெரிய வீதியிலிருந்து பிரியும் எங்கள் சின்ன ஒழுங்கையில் ஒரு கார் வந்தாலே ஜன்னலால் எட்டிப் பார்ப்பார். அவ்வளவு அமைதியான ஒழுங்கை. அந்த அமைதிக்காகத்தான் நாங்களும் இந்த வீட்டை எடுத்தோம்.

“கோடு இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். என் பேரனும் உங்கள் மகளும் பழைய பள்ளியிலேயே படிக்கலாம். நாம் ஒரே பக்கம்தானே, ரவி?” என்றார்.

ரவி தலையாட்டினார். “யா, யா. நிச்சயமாக.”

மோசரின் கோப்பையைக் கழுவி வைக்கவில்லை, யசோ வந்தாள். எதிர்ப்பக்கத் தொடர்மாடிக்காரி, வீதியின் மேல்பாதியில் இருப்பவள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவள் மகள் ஆரணியும் மிதுஷாவும் இப்போது ஆறாம் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

“அண்ணை, நாங்கள் வீட்டில தமிழ்தான் கதைக்கிறம். பள்ளிக்கூடத்திலயும் முழுக்க வீட்டில வேற பாஷை கதைக்கிற பிள்ளையள் எண்டால், இவள் ஜெர்மன் ஆரோட கதைச்சுப் பழகுறது? ஆரணிக்கு நேர்ஸ் ஆகவேணும். தொழில் பழக இடம் கேட்டுப் போகேக்க, பள்ளிக்கூடத்தின்ர பேரைப் பாத்தே தள்ளி வைச்சிடுவினம். எனக்கு வோட் இல்லை. கோட்டைத் திருப்ப நீங்கள்தான் கை தூக்கவேணும்.”

ரவி தலையாட்டினார். “ஓம், ஓம். கட்டாயம்.”

வீடு தேடி வந்து தேத்தண்ணி குடிக்கும் மனிதருக்கு முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லும் பழக்கம் நம்மில் யாருக்காவது இருக்கிறதா? கலியாணத்துக்கு வருவீர்களா என்றால் வருவோம் என்போம். அன்றைக்கு நைட் டியூட்டி என்று தெரிந்தாலும் வருவோம் என்போம். பெரும்பாலும் தப்பியும் விடுவோம். ஆனால் எங்கள் ஊர்க்கூட்டத்தில் வோட்டுப் பெட்டி கிடையாது. எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்க வேண்டும்.

“இப்ப என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டேன்.

“வேலை எண்டு சொல்லிப்போட்டுக் கூட்டத்துக்குப் போகாமல் விடுவம்.”

நல்ல திட்டம்தான். ஆனால் கூட்டத்தன்று மாலை மோசர் எங்கள் கதவடியில் நின்றார். சேர்ந்து நடந்து போகலாமாம்.

கூட்டம் பழைய பள்ளியின் விளையாட்டு மண்டபத்தில். வோட் உள்ளவர்களுக்கு, அதாவது சுவிஸ் பாஸ்போட் வைத்திருப்பவர்களுக்கு, நடுவில் கதிரைகள். இல்லாதவர்கள் பார்வையாளர்கள், அவர்களுக்குச் சுவரோரம் தனி வரிசை. எனக்கு ஒரு பக்கம் ரவி, அவருக்கு அந்தப் பக்கம் மோசர். சரியாக எங்களைப் பார்த்தபடி, சுவரோர வரிசையில் யசோ. இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் வரி கட்டுகிறாள். சுவிஸ் பாஸ்போட் எடுக்கச் சொன்னால், “அது இல்லாமலும் வேலைக்குப் போறன்தானே அக்கா” என்பாள்.

நிறையப் பேர் பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. புதுக் கட்டடம், புது ஆய்வுகூடம், தொடர்மாடிக்காரருக்கு என்ன குறை என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார். மனதுக்குள் நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: அவ்வளவு நல்ல பள்ளி என்றால் உங்கள் பிள்ளையை அனுப்புங்களேன்?

“கோடு வீதியைக் குறுக்கே வெட்டட்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்.”

நான் தூக்கினேன். மிதுஷாவின் முகம் ஞாபகம் வந்தது. கை பாரமாகத்தான் இருந்தது, ஆனாலும் இறக்கவில்லை.

ரவியின் கை நெஞ்சு வரை வந்தது. மோசரை ஓரக்கண்ணால் பார்த்தது. அப்படியே காதைச் சொறியப் போய்விட்டது.

கைகளை எண்ணும் பெண் வரிசை வரிசையாக வந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பியவள் நின்றாள். அங்கே ஒரு கை உயர்ந்திருந்தது. யசோவின் கை.

“மன்னிக்கவும், பார்வையாளர்கள் தூக்க வேண்டாம். எண்ணிக்கை குழம்பிவிடும்,” என்றாள் அந்தப் பெண். நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள்.

யசோ கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்காகத் தூக்கிய கை அது.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. பார்த்தேன். ரவியின் கை. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, நேராக மேலே. மோசர் திரும்பிப் பார்த்தார். அப்போதும் அது இறங்கவில்லை. அந்த மனிதரைக் கட்டி இத்தனை வருடத்தில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

சொற்ப வித்தியாசத்தில் கோடு திரும்பியது.

முடிந்ததும் வழக்கம்போல வைனும் சீஸும். மோசர் கிளாஸோடு எங்களிடம் வந்தார். ரவி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“எனக்கு எதிராக வோட் போட்டீர்கள்.”

“மன்னிக்க வேணும்...”

“எதற்கு மன்னிப்பு? அது உங்கள் வோட். ஆனால் முதலே சொல்லியிருக்கலாம். சரி, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் செடிவேலியை இந்தச் சனிக்கிழமை வெட்டுவோமா?”

அவ்வளவுதான். கோபம் இல்லை, கதைக்காமல் விடுவதும் இல்லை. ரவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. மறுநாள் மிதுஷாதான் எங்கள் இரண்டு பேரோடும் கதைக்காமல் பள்ளிக்கூடம் போனாள். அவள் கோபம் நியாயம். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை.

ஆனால் அதற்கு முன், கூட்டம் முடிந்த அந்த இரவு, மண்டப வாசலில் யசோ எனக்காகக் காத்து நின்றாள். ஏன் கை தூக்கினாய் என்று கேட்டேன்.

“தெரியேல்லை அக்கா. கை தானா மேல போயிட்டுது.” மேலங்கியின் பொத்தானைப் பூட்டினாள். “நான் பாஸ்போட்டுக்கு எழுதப் போறன். வோட் வந்தவுடனை முதல் வேலை, மிதுஷா பாலம் ஏறி நடக்காமல் போக உங்கட ஒழுங்கையால ஒரு பஸ் விடச்சொல்லிக் கை தூக்குறது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓம், ஓம். கட்டாயம்,” என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தேன் — எங்கள் ஒழுங்கையில் பஸ் நிற்க இடம் இருப்பது எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மட்டும்தான்.