அண்ணன் அடித்த வில்

இந்த நினைவு மலரைப் பெறும் வெளியூர்ப் பிள்ளைகள் பலருக்கு அண்ணனை மில் தொழிலாளியாகத்தான் தெரியும். அவர் வில்லுப்பாட்டில் வில்லடித்ததைக் கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணன் மகாராஜபுரத்தில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அம்மாவையும் என்னையும் இராஜபாளையத்துக்கு அழைத்து வந்து நூல் மில்லில் சேர்ந்தார். பஞ்சுத் தூசியிலேயே வாழ்ந்தார். கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் லீவு போட்டுவிட்டு வில்லோடு கிளம்பிவிடுவார்.

அந்த வில் பனை மரத்தில் செதுக்கியது, ஆளைவிட நீளம். நாண், முறுக்கிய தோல். வில் நெடுக வெண்கல மணிகள் தொங்கும். வளைவின் நடுப்பகுதியை மண்குடத்தின் கழுத்தில் சேர்த்துக் கட்டி, நாண் மேலே இருக்கும்படி வைப்பார்கள். வீசுகோல் என்ற இரண்டு கோல்களால் நாணைத் தட்டினால் மணிகள் குலுங்கும். பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார். வீணைபோல இதில் ராகம் வராது. ராகமும் கதையும் பாடுகிறவர் தொண்டையில்தான். அண்ணன் தட்டிக்கொண்டே பாடுவார்.

கேட்டுக் கேட்டே எனக்குக் கதைகள் மனப்பாடம். பதினைந்து வயதில், நானும் பாட வாரேன் என்றேன். "ஏட்டி, மேடை ஒனக்கில்ல. பொம்பளைக பக்கம் உக்காந்து கேளு" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்தச் சொல் எனக்கு ஆறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. அதன்பின் சிலேட்டில் எழுதித்தான் பேசினார்.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து சிலேட்டை நீட்டினார். "புதுப்பட்டிப் பக்கம் மத்தியானக் கொடை. நான் அடிக்கேன். நீ பாடு."

"அன்னைக்கு மேடை ஒனக்கில்லைன்னு சொன்னீகளே அண்ணே. இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?" என்றேன்.

அவர் சிலேட்டைத் துடைத்தார். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கொடை முடிந்த மறுநாள், குடம் அடிக்கும் மாடசாமி அண்ணாச்சி வந்தார். "அவிய ஒத்தையா வில்லடிச்சாக தாயி. பாட்டே இல்ல. ஒரு மணி நேரம். ஒருத்தரும் எந்திரிக்கல" என்றார்.

அப்போதே பஸ் ஏறினேன். அண்ணன் பாயில் படுத்திருந்தார், கட்டி மறுபடி வந்திருந்தது. "அடுத்த கொடைக்கு நான் பாடுதேன் அண்ணே" என்று அழுதேன். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்று எழுதிக் காட்டினார். அடுத்த கொடைவரை அவர் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை அவர் காதருகே பாடத் தொடங்கினேன். கையமர்த்தி நிறுத்திவிட்டு எழுதினார்: "இங்க வேண்டாம். மேடையில பாடு."

இன்றுவரை பாடவில்லை.

இரவு பகல் பாராமல் பணிவிடை செய்த மதினிக்கும், ரத்தம் கொடுத்த மில் தோழர்களுக்கும், கடைசிவரை உடனிருந்த மாடசாமி அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கொடையன்று வெயிலில் உட்கார்ந்திருந்த மக்களின் பெயர் எனக்குத் தெரியாது. நான் போகாத இடத்தில், என் அண்ணன் அடித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருந்தீர்கள். உங்களைக் கும்பிடுகிறேன்.