பல்செட்காரரின் விக்கல்

சன்னல் வெளிச்சத்தில் ஒரு முன்பல்லை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "ஒரு வகை மரம்... ம்ஹூம். நிஜமாவே ஒரு வகை மரம்..." என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார் பல்செட்காரர். அந்தப் பல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வாய்க்குள் நாளை மறுநாள் போக வேண்டியது. மரம் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியது.

பல் மருத்துவமனையின் பின்னறைதான் அவருடைய பட்டறை. அலமாரியில் நாற்பது பிளாஸ்டர் தாடைகள் எதையோ கேட்டு அதிர்ந்துபோன மாதிரி வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும். மேசையில் ஸ்பிரிட் விளக்கு, ரோஸ் நிற மெழுகு, ஊசி மாதிரியான அரங்கள். பல்லை ராவும்போது தூசி மூக்கில் ஏறும் என்பதால் மூச்சை அடக்கிக்கொள்வார். இருபத்தாறு வருடப் பழக்கம். கடிகாரத்தைப் பார்க்காமலே ஒரு நிமிடம் தம் கட்டுவார். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் அவருக்கு அடையாளம் தெரியாது. "கொஞ்சம் சிரிங்க" என்பார். எதிராளி குழம்பிச் சிரித்ததும், "அட, நீங்களா! கீழ்வரிசை எப்படி இருக்கு?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் நான்கு பேர் கூடுவார்கள். அவர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன், மேல்வீட்டு ஸ்டெனோ மேடம். மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் அவ்வப்போது பிரேக்கை மிதிக்கும். ஸ்டெனோ மேடம் முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். தலையணை கனத்துக்கு இருக்கும் அகராதி அவருடையது. அதை இறக்கிக்கொண்டு வர மச்சான்தான் மாடி ஏறுவார்.

ஆட்டம் இதுதான். முறைக்கு ஒருவர் அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைத் தேடி எடுப்பார். அவர் உண்மையான பொருளை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள, மற்ற மூவரும் ஆளுக்கொரு பொய்ப் பொருளைப் புளுகி எழுதிக் கொடுப்பார்கள். சொல்லை எடுத்தவர் எல்லாச் சீட்டையும் கலைத்து வாசிப்பார். எது உண்மை என்று கண்டுபிடித்தால் ஒரு புள்ளி. நம் பொய்யை ஒருவர் நம்பினால் நமக்கு ஒரு புள்ளி. உண்மையை ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டால் வாசித்தவருக்கு மூன்று புள்ளி.

இந்த ஆட்டத்தில் ஆறு வருடமாகப் பல்செட்காரரின் பொய்யை ஓர் ஆள்கூட நம்பியதில்லை.

பொய்ப்பல் அவர் கையில் நிஜப்பல்லாகிவிடும். பொய்ப் பொருளோ எழுதும்போதே அவருக்கு வேர்த்துவிடும். 'ஞிமிறு' என்ற சொல்லுக்கு எல்லோரும் ஜோராகப் புளுகியபோது அவர் எழுதியது: "உண்மையிலேயே ஒரு வகை மீன்." வேறொரு வாரம்: "ஒரு வகைப் பறவை (இருக்கலாம்)." இன்னொரு முறை, "பழங்காலத்து ஆயுதம். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்." மச்சான் விழுந்து விழுந்து சிரித்ததில் பிரேக் காலால் மேசையை உதைத்து, தேநீர் முழுக்க அகராதியில் கொட்டியது. 'தெ' வரிசைச் சொற்கள் இன்றைக்கும் பழுப்பாகத்தான் இருக்கின்றன.

வாசிக்கும் முறை வந்தால் இன்னும் மோசம். அவருக்குப் பொய் சொன்னால் விக்கல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் எழுதிய பொய்யை வாசித்தாலும் வரும். "உளியம் என்றால் குளத்தடியில் மிஞ்சும் சேறு. ஹிக். உளியம் என்றால் வண்டி மாட்டின் மூக்கணாங்கயிறு. ஹிக். உளியம் என்றால் கரடி." கரடிக்கு மட்டும் தொண்டை தெளிந்த ஓடையாக இருக்கும். மூன்று பேரும் ஒரே குரலில் "கரடி!" என்பார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவர் வாசிச்சா இது ஆட்டமே இல்ல, விசாரணை" என்று ஸ்டெனோ மேடம் தீர்ப்புச் சொன்னார். அன்றோடு பல்செட்காரரின் முறை வந்தாலும் மச்சான்தான் வாசிப்பது என்று ஆகிவிட்டது.

மனைவி அப்படியே தலைகீழ். அவருக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியில் வேலை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரிடம், "லைன்ல வேலை நடக்குதுங்க, அரைமணி நேரத்துல தண்ணி வந்துடும்" என்று இமை அசையாமல் சொல்கிறவர். குளத்துச் சேறு அவர் எழுதியதுதான். அவருடைய வேறொரு பொய்யை நம்பி ஏமாந்து, ஒரு வாரம் மனத்தாங்கலில் இருந்தார் ஸ்டெனோ மேடம்.

ஆனால் வீட்டில் மனைவி வேறு மாதிரி. கணவரிடம் எதைக் கேட்டாலும் பதிலைக் கேட்பதில்லை, விக்கலுக்குத்தான் காத்திருப்பார். "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்." இரண்டு நொடி அமைதி. விக்கல் இல்லையா, சரி. "கல்யாணத்துக்கு முன்னாடி ஜோசியம் பார்த்தாங்க, ஒண்ணும் புரியல. இவர் விக்கலைப் பார்த்துத்தான் நான் சரின்னேன்" என்று அவர் தோழிகளிடம் சொல்வதுண்டு.

போன மாதம்தான் அந்த அதிசயம் நடந்தது. சொல் 'கவான்'. பல்செட்காரர் எழுதியது, "சத்தியமாக ஒரு வகைப் பாத்திரம்." மச்சான் வாசித்து முடித்ததும் மனைவி நெற்றியைச் சுருக்கி, கூரையைப் பார்த்து, "பாத்திரம்தான். அடி அகலமான பாத்திரமா இருக்கும்" என்றார்.

கவான் என்றால் தொடை. மனைவிக்குப் புள்ளி இல்லை. பல்செட்காரருக்கு ஒன்று. ஆறு வருடத்தில் முதல் ஒன்று.

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் பல் டாக்டரம்மாவிடம் சொன்னார். அச்செடுக்க வாய் நிறையப் பசையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடமும் சொன்னார். "என் வீட்டுக்காரியை ஏமாத்திட்டேன் சார்!" பெரியவர் கண்ணை அகல விரித்தார். அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

புதன்கிழமை மதியம் மூக்குக் கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மனைவியின் குரல் கேட்டது. விடுப்பில் இருந்தார், அண்ணனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "கவான்னா தொடைன்னு எனக்குத் தெரியாதாண்ணா? பாவம்ணா, ஆறு வருஷமா ஒருத்தர்கூட ஏமாறல. முகத்தைப் பார்க்கச் சகிக்கல. அதான் ஒரு தடவை ஏமாந்து வெச்சேன்."

பல்செட்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார். பேச்சு முடியும்வரை அப்படியே நின்றார்.

"ஏமாந்த மாதிரி என்னை ஏமாத்திட்டியா?" என்றார்.

மனைவி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். "இல்லங்க... விளையாட்டுதானே. சந்தோஷமா இருந்தீங்க இல்ல?"

"சந்தோஷமாத்தான் இருந்தேன். டாக்டர்கிட்ட வேற சொல்லிட்டேன்."

"அதனால என்ன?"

"நான் சொன்னது பொய்யாயிடுச்சு. எனக்கு விக்கல்கூட வரல, பார்த்தியா? பொய்னு தெரியாமலே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கேன்."

 மூன்று நாள் அவர் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் அட்டையைத் தூக்கிக் காட்டினார். மனைவிக்கு அலுவலகத்திலும் மனசு சரியில்லை. யாரோ தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "தெரியலைங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பல்செட்காரருக்குப் பட்டறையில் அரம் ஓடவில்லை. அவள் கருணை காட்டியதுகூடப் பரவாயில்லை. கருணை காட்டும்படியாகவா நாம் இருக்கிறோம் என்பதுதான் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. வெள்ளிக்கிழமை ஒரு கடைவாய்ப் பல்லைத் தம் கட்டி ராவிக்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று தோன்றியது. மூச்சை இழுத்தால்தானே விக்கல்? இழுக்கவே இல்லையென்றால்?

கதவைச் சாத்திக்கொண்டார். பிளாஸ்டர் தாடைகளைப் பார்த்து, ஒரே மூச்சில், "நான் நேற்று நிலாவுக்குப் போய்விட்டு வந்தேன்" என்றார். வாயை இறுக மூடி முப்பது எண்ணினார். விக்கல் வரவில்லை.

பாதி வேலை முடிந்தது. மீதி, உண்மை வரும்போது விக்க வேண்டும். அதற்கும் பயிற்சி எடுத்தார். "ஹிக்" என்றார். உடனே, அவர் கேட்காமலே, இன்னொரு "ஹிக்" வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் இரண்டு. பொய்யாக விக்கினால் அதுவும் பொய்தானே. அதற்கு நிஜ விக்கல் வந்துவிடுகிறது!

சத்தம் கேட்டு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "தண்ணி குடிங்க. யாரோ நினைக்கிறாங்க போல."

"இல்ல டாக்டர், இது பொய் விக்கல். ஹிக்."

"இது?"

"இது நிஜம்."

டாக்டரம்மா கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

ஞாயிறு நான்கு மணி. அகராதி மேசைக்கு வந்ததும் பல்செட்காரர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு முதல் சொல் என்னுது. நானே வாசிக்கிறேன்."

மச்சானின் முகம் மலர்ந்தது. "மாப்பிள்ளை, சும்மா கிடைக்கிற புள்ளியை வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?" ஸ்டெனோ மேடம் பென்சிலைக் கூர்தீட்டினார். மனைவி மட்டும் கணவரைக் கவலையோடு பார்த்தார். வீம்புக்கு இப்படித் தோற்கப்போகிறாரே என்றிருந்தது அவருக்கு.

"சொல், ஊகம்."

"ஊகம்னா ஊகிக்கிறதுதானே?" என்றார் மச்சான்.

"அது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு அர்த்தம் இருக்கு. அதுதான் கணக்கு."

எழுதினார்கள். சீட்டுகள் வந்தன. கலைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்தார்.

"ஊகம், கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தத்தை வைத்து நீரின் ஆழத்தை அறிவது." வாயை மூடினார். அறை முழுக்கக் காது தீட்டிக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த சீட்டு. "ஊகம், பெயர்ச்சொல், சாட்சி சொல்லாமல் விட்டுவிட்ட பகுதி." அமைதி. பல்செட்காரரின் முகம் லேசாகச் சிவந்தது. மச்சானின் கால் பிரேக்கை அழுத்தியது.

மூன்றாவது. "ஊகம், கருங்குரங்கு. ஹிக்." ஓர் இடைவெளி. "ஹிக்."

"டபுள் விக்கல்!" என்று மச்சான் தொடையில் தட்டினார். "பச்சைப் பொய்! ஊகத்துக்குக் குரங்காம். யாரு எழுதினது, மேடமா?"

"நான் ஏன் குரங்கைப் பத்தி எழுதறேன்?" என்றார் ஸ்டெனோ மேடம்.

நான்காவது, இருட்டில் வண்டிக்கு முன்னால் விளக்கோடு நடப்பவன் என்றது. அதை எழுதியது யார் என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. வாசித்து முடித்து வாயை மூடிய பல்செட்காரரின் கண்ணில் நீர் முட்டியது.

மச்சான் கிணற்றைத் தேர்ந்தெடுத்தார். ஸ்டெனோ மேடமும் கிணறு. மனைவி வெகு நேரம் யோசித்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார், விக்கலை நினைத்தார், "சாட்சி" என்றார்.

பல்செட்காரர் மூச்சை விட்டார். பஸ் கதவு திறக்கிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

"கருங்குரங்கு" என்றார்.

அகராதியை ஸ்டெனோ மேடம் பிடுங்கினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நீதிமன்றத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தார். குரங்குதான், சந்தேகமில்லாமல் கருங்குரங்குதான். மச்சானின் கால் பிரேக்கிலிருந்து எழுந்து அந்தரத்தில் நின்றது. மூன்று புள்ளி.

மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "விக்கினீங்களே?"

"விக்கினேன்."

"ரெண்டு தடவை!"

"முதல் விக்கல் பொய். ரெண்டாவது, பொய்யா விக்கினதுக்காக வந்தது."

அந்த அம்மாளின் முகத்தில் இருபத்தோரு வருடக் கல்யாண வாழ்க்கை ஆட்டம் கண்டது. "அப்ப இனிமே உங்க விக்கலைக்கூட நம்ப முடியாதா? நான் வேற எதைங்க நம்பறது?"

பல்செட்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்தார். தம் கட்டவில்லை; எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, வெளியே விட்டு, மறுபடி இழுத்து, அதற்கப்புறம் சொன்னார்.

"நம்பலாம். ஏமாத்துறது ஆட்டத்துல மட்டும்தான்."

நான்கு பேரும் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஸ்டெனோ மேடம் தன்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நொடி, பத்து நொடி. விக்கல் வரவில்லை.

"சரி" என்றார் மனைவி. அதன்பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை, சிரித்துச் சிரித்து, கடைசியில் அவருக்கே விக்கல் எடுத்துவிட்டது. மச்சான் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

மற்ற இருவரும் போன பிறகு மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். பல்செட்காரர் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். விக்கலோடு சொன்னது உண்மைதானா என்று இப்போது அவருக்கே ஒரு சந்தேகம். உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அகராதியைச் சத்தமில்லாமல் மடியில் இழுத்து வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, 'ஊ' வரிசையைத் தேடிப் பிடித்தார். சொல்லின்மேல் விரலை வைத்து, உதடு அசைய, எழுத்தெழுத்தாக வாசித்தார். கருங்குரங்கு என்றுதான் போட்டிருந்தது.