ரெண்டு பக்கமும் கேக்குதா?

எழுபதுகளில் காரைக்குடியில் எங்கள் வீட்டில் ஸ்டீரியோ செட் மாட்ட வந்த ரேடியோ மெக்கானிக் ஒல்லியானவர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே நின்றார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் கேக்குதாண்ணே?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் வரும் நேரம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், உமக்குக் காது செவிடா?" என்றேன்.

"இடது காது சின்னதுலயே போச்சுண்ணே. ரெண்டு பக்கமும் ஒண்ணா வருதான்னு மட்டும் நீக சொன்னாத்தேன் எனக்குத் தெரியும்," என்றார் சாதாரணமாக.

நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கேட்டதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் பாட்டு இரு பக்கமும் சரியாக வந்தது.

"நல்லாருக்காண்ணே?" என்று சிரித்தார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கண்ணைத் திறக்காமலே, "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன்.