காகிதத்தில் இருந்த நிழல்

பிள்ளைகளே, உங்கள் மாமா வீட்டுக்கு வந்தால் அப்பா ஏன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அவள் சொல்லமாட்டாள். கூடப் பிறந்தவன் அல்லவா? நானே எழுதிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த புதிது. தூத்துக்குடியில் ஓர் உப்பளத்து முதலாளியிடம் வேலை பார்த்தேன். படிப்பு எட்டாவதுதான், ஆனால் பிளான் வரையக் கற்றிருந்தேன். உப்பு அரைக்கும் மில்லுக்குக் கட்டடம் வரையச் சொன்னார் முதலாளி. பழைய கொட்டகையின் தகரத்தை ஆடி மாத மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

திருச்செந்தூர் போகிற வழியில் தேரிக்காடு பார்த்திருக்கிறீர்களே, செம்மணல் மேடு மேடாக. அங்கே காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். மேடோ மேற்கே நீளமாகச் சரிந்து, காற்றை முதுகில் ஏற்றி அனுப்பிவிடும். கிழக்குச் சரிவில் ஆடுகள் சுகமாக ஒண்டிக் கிடக்கும். அதைத்தான் வரைந்தேன். மேற்கே கூரை தரையைத் தொடுகிற மாதிரி. கிழக்கே உயர்ந்து, சுவரில்லாத அகலமான தாழ்வாரம். உப்புச் சுமக்கும் பெண்கள் உட்கார்ந்து கஞ்சி குடிக்க அளத்தில் ஒரு மரம் கிடையாது.

அந்தப் பெண்களிடம் காகிதத்தை விரித்துக் காட்டினேன்.

“யாருக்கு அண்ணாச்சி இவ்வளவு பெரிய நெழலு?”

“உங்களுக்குத்தான்.”

“ஏளா, மத்தவளுவளையும் கூப்புடு! அண்ணாச்சி நமக்கு மாளிகை கெட்டுதாவ!”

முதலாளியும் சரி என்றார். கட்டும் வேலையை உங்கள் மாமாவுக்கு நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கூரை ஏறியதும், நாசரேத்தில் தாய்வீட்டில் இருந்த உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் கஷ்டமென்று ஆள் வந்தது. “நீங்க போங்க அத்தான், நான் பாத்துக்கிடுதேன்” என்றான். நம்பிப் போனேன். பெரியவளே, நீ பிறந்தாய்.

திரும்பி வந்தபோது தாழ்வாரத்தைச் சுவர் வைத்து அடைத்திருந்தது. உள்ளே உப்பு மூடைகள்.

முதலாளியிடம் ஓடினேன். “நீரு சம்மதிச்சேருன்னுல்லா உம்ம மச்சினன் சொன்னான்! இல்லன்னா நான் கை வச்சிருப்பனா?” என்றார்.

உங்கள் மாமா தலைகூடக் குனியவில்லை. “மூடைக்கு எடம் பத்தலன்னு மொதலாளி மொணங்குனாரு. அடுத்த கட்டடமும் எனக்குத் தாராராம். நெழலுக்காவ அதை விடச் சொல்லுதியளா அத்தான்?”

வெளியே அந்தப் பெண்கள் சுவரோரம் ஒரு சாண் நிழலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து வந்தாள். அந்த நிழலை நான்தான் விற்றுவிட்டேன் என்று அவர்களுக்கு நினைப்பு.

“அண்ணாச்சி, அந்தக் காயிதத்துல நெழலு இருந்துச்சே. அதையாவது கொண்டாங்க. தலைக்கு மேல புடிச்சிக்கிடுதோம்.”

நான் என்ன சொன்னாலும் அவர்கள் நம்பவில்லை.

பெரியவளே, அந்த வருஷமே உனக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடி வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவன் மடியில் நீ வீரிட்டு அழுதாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் போய் நின்றேன்.