ஆடாத முக்காலி

ஒஸ்லோவில் லிப்ட் திருத்துவது என் தொழில். ஸ்டோவ்னரில் உள்ள உயரமான அடுக்குமாடிகளில் நான் ஏறாத இயந்திர அறை குறைவு. என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரரும் நானும் பன்னிரண்டு வருடங்களாக ஒரே வாகனத்தில் போய் வருகிறோம். அவருடைய ஊர் ஒஸ்லோவிலிருந்து இரண்டரை மணித்தியால ஓட்டம். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அங்கே எட்டுப் பேர் சேர்ந்து எல்க் வேட்டைக்குப் போவார்கள். எல்க் என்பது குதிரையை விட உயரமான காட்டு மான். "சும்மா பார்க்க வா" என்று ஒரு வருடம் கூப்பிட்டார். போனேன். அடுத்த மூன்று வருடம் நாய்க்குப் பின்னால் நடந்தேன். பிறகு வேட்டைப் பரீட்சை எழுதி, பொலிஸ் அனுமதி எடுத்து, சொந்தமாக ஒரு துவக்கு வாங்கினேன்.

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் துவக்கு வாங்கினானாம் என்று எங்கள் ஆட்கள் கதைத்தார்கள். கோயிலில் ஒருவர் நேரே கேட்டும் விட்டார். காட்டில் ஓர் இடத்தில் நாலு மணித்தியாலம் அசையாமல் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நாலு மணித்தியாலம். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. என் மனைவி இரண்டு நிபந்தனைகள் போட்டார். வெள்ளிக்கிழமையில் சுடக் கூடாது. துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரி படுக்கையறைக்குள் வரக் கூடாது. அலுமாரியைச் சாமான் அறையில் பூட்டி வைத்தேன். அன்றிலிருந்து அரிசி மூட்டை எடுக்க அவர் அந்த அறைக்குள் போவதில்லை. என்னைத்தான் அனுப்புவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்ததிலிருந்து சொல்ல வேண்டும். சதுப்பு நிலம் ஒன்றின் ஓரத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். நின்றபடி சுடும்போது துவக்கைத் தாங்கவும், தொலைநோக்கியைப் பூட்டி எதிர்ச்சரிவைப் பார்க்கவும் கமராக்காரர் வைத்திருப்பது போன்ற மூன்று கால் தாங்கி ஒன்று என்னிடம் இருந்தது. முக்காலி என்றே நான் அதைச் சொல்வேன். அது மலிவானது, கால்கள் மெல்லியவை. காலை பத்து மணியளவில் ஓர் எல்க் வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. நூறு மீட்டர் கூட இல்லை. துவக்கின் குறிக்கண்ணாடிக்குள் சிலுவைக்கோடு அதன் தோளில் நிற்காமல் மேலும் கீழும் போனது. அது திரும்பிப் போய்விடுமோ என்ற அவசரத்தில் சுட்டுவிட்டேன்.

குண்டு தோளுக்குப் பின்னால் பட்டது. அடிபட்ட மிருகத்தைத் தேடி முடித்து வைக்காமல் அங்கே யாரும் வீட்டுக்குப் போவதில்லை. நாயோடு ஐந்து மணித்தியாலம் தேடினோம். என் நண்பர்தான் கடைசியில் அதைக் கண்டு சுட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அது ஓர் ஓடைக்கரையில் கிடந்தது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. "என்ன நடந்தது?" என்று மட்டும் நண்பர் கேட்டார்.

"முக்காலி ஆடிவிட்டது" என்றேன்.

அவர் அதன் ஒரு காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது ஆடத்தான் செய்தது. "இதை எறிந்துவிடு. நல்லதாக ஒன்று வாங்கு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த வசந்தத்தில் திராமனில் உள்ள ஒரு வேட்டைப் பொருள் கடைக்குப் போனேன். விற்பனையாளர் என் வயதுக்காரர். எந்த முக்காலியானாலும் முதலில் முழு உயரத்துக்கு விரித்து, உச்சியில் உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுப்பார். கால் வளைகிறதா, பூட்டு வழுக்குகிறதா என்று பார்ப்பார். நடுத்தண்டை உயர்த்தி உயரம் காட்டுகிற முக்காலியை வாங்கவே கூடாது என்றார். தண்டு ஏற ஏற அது ஒற்றைக்கால் போல ஆகிவிடுமாம். நின்றபடி பார்க்கிறவனுடைய கண் உயரத்துக்குக் கால்களே வர வேண்டும். சரிவில் நின்றால் ஒரு கால் இன்னும் நீள வேண்டும். அதற்கும் மிச்சம் இருக்க வேண்டும். தடித்த அலுமினியக் கால்களுள்ள ஒன்றை வாங்கி வந்தேன்.

எங்கள் வீடு எல்லிங்ஸ்ருட்டில். கட்டடத்துக்குப் பின்னால் காடு தொடங்குகிறது. துவக்கை அங்கே கொண்டு போக முடியாது. ஒற்றைக்குழல் தொலைநோக்கியைப் பூட்டித் தூரத்திலிருந்த ஒரு பைன் மரத்தின் பட்டையைப் பார்த்தேன். படம் நடுங்கியது. கால்களை அகட்டினேன். நடுவில் பையைத் தொங்கவிட்டேன். அப்போதும் நடுங்கியது. இரண்டு நாள் கழித்துக் கடைக்குக் கொண்டுபோய், மேலே தொலைநோக்கியைத் திருப்ப உதவும் பந்துமூட்டு தளர்வாக இருக்கிறது என்றேன். விற்பனையாளர் திருகிப் பார்த்தார். வேறொன்று தந்தார். அதையும் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, காலின் பூட்டு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.

அந்த மூன்றாம் முறை நண்பரும் கூட வந்தார். "இந்த முறை நானே பார்த்து எடுக்கிறேன்" என்றார். இருவருமாகக் கரிநாரில், அதாவது கார்பன் பைபரில், செய்த ஒரு முக்காலியைத் தேர்ந்தோம். நடுத்தண்டு கிடையாது. மேல் கால் என் மணிக்கட்டளவு தடிமன். கையுறையோடும் திறக்கக் கூடிய பூட்டு. விற்பனையாளர் அதில் ஒரு தொலைநோக்கியைப் பூட்டி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவுக்கு அப்பால் இருந்த ஒரு பெயர்ப்பலகைக்குத் திருப்பினார். நான் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். எழுத்துகள் துடித்துக்கொண்டிருந்தன.

"இதுவும் ஆடுகிறது" என்றேன். விற்பனையாளரும் நண்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் பறவைப் படம் எடுக்க ஒரு முக்காலி தேடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். என் கையில் கட்டியிருந்த கோயில் நூலைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க தமிழா?" என்றார்.

"ஓம்."

"நான் கோயம்புத்தூர் சார். இங்க யுனிவர்சிட்டில ரிசர்ச் பண்றேன். ஒரு நிமிஷம் பார்க்கலாமா?"

விலகி நின்றேன். அவர் தொலைநோக்கியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். முக்காலியின் ஒரு காலை விரலால் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"எழுத்து அப்படியே நிக்குது சார். தட்டினா கூட உடனே செட்டில் ஆயிடுது." பிறகு தயங்கினார். கேட்டால் கூட விற்பனையாளருக்கும் நண்பருக்கும் தமிழ் விளங்காது. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க கைய வச்சாதான் ஆடுது. தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டாண்டுல பிரச்சனை இல்ல."

நான் என் வலது கையைப் பார்த்தேன். விலகி நின்ற பிறகும் அது கைப்பிடியை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் லேசாக, ஒரே தாளத்தில், நடுங்கிக்கொண்டிருந்தன. அதை அப்போதுதான் கண்டேன் என்று எழுதினால் பொய்யாகும். வேலையில் சிறிய திருகாணிகளை நண்பரிடம் விட்டுவிட்டு நான் கேபிளைப் பார்க்கப் போகத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று நண்பர் கேட்டார்.

"இது நல்ல முக்காலியாம். வாங்கச் சொல்கிறார்" என்றேன்.

இளைஞருக்கு நோர்வேஜிய மொழி கொஞ்சம் தெரிந்திருக்கும். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "உடம்பைப் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போனார். முக்காலியை வாங்கினோம். ஒஸ்லோ வரும் வழியெல்லாம் நண்பர் அதன் பூட்டுகளைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

வீட்டில் அதை விரித்து வரவேற்பறையின் நடுவில் வைத்தேன். மனைவி வேலை முடிந்து வந்திருந்தார். அவர் முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறவர். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்தார்.

"இது எத்தினையாவது?"

"மூண்டாவது. இது நல்லது. ஆடாது."

"அப்ப என்னத்துக்கு முகம் இப்பிடிக் கிடக்கு?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"உமக்குத் தெரியுமோ?" என்றேன்.

"தேத்தண்ணிக் கோப்பையை நீங்கள் ரெண்டு கையாலை பிடிக்கத் தொடங்கினதிலை இருந்து தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நான் வேலை செய்யிற இடத்திலை நாள் முழுக்க இப்பிடிக் கையளைத்தான் பாக்கிறன். வீட்டை வந்தும் பாக்க எனக்கு விருப்பமில்லை." சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். "ஒரு ஸ்டாண்டுக்காக மூண்டு தரம் திராமனுக்குப் போனியள். டொக்டரிட்டை ஒருக்காப் போகேலாதோ, அப்பா?"

அவருடைய பயம் எது என்று எனக்குத் தெரியும். என் பயமும் அதுதான். அந்த நோயின் பெயரை நாங்கள் இருவரும் அன்று சொல்லவில்லை.

டொக்டர் ஒரு தாளைத் தந்து சுருள் வரையச் சொன்னார். நடக்கச் சொன்னார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு மூளை நரம்பு நிபுணரிடம் அனுப்பினார். அந்தச் சந்திப்புக்குக் காத்திருந்த வாரங்களில் நாங்கள் வழமைக்கு மாறாக நிறையக் கதைத்தோம், வேறு விஷயங்களைப் பற்றி. கடைசியில் நிபுணர், நாங்கள் பயந்த, நடையையும் பேச்சையும் மெல்ல எடுத்துக்கொள்ளும் நோய் இல்லை என்றார். கையைப் பயன்படுத்தும்போது வருகிற நடுக்கம், பலருக்கு உண்டு, மெல்ல மெல்லக் கூடலாம், மருந்து ஓரளவு குறைக்கும். வெளியே வந்ததும் மனைவி நடைபாதையில் நின்று அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

நண்பரிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. ஒரு நாள் ஸ்டோவ்னரில் ஓர் இயந்திர அறையில், சத்தம் நின்ற நேரத்தில் சொன்னேன். கையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவர் என் தோளில் தட்டினார். பிறகு அந்த எல்க்கைப் பற்றிச் சொன்னேன்.

"அன்று ஆடியது முக்காலி மட்டும் இல்லை. என் கை. அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் சுட்டேன்."

அவர் கருவியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அன்று நீ சொல்லியிருக்க வேண்டும்" என்றார். "குறைந்தது அன்று மாலையாவது."

"ஓம்" என்றேன், தமிழில். அவருக்கு அந்தச் சொல் தெரியும்.

அன்று மத்தியானம் அவர் தன் சாப்பாட்டை வாகனத்தில் தனியே இருந்து சாப்பிட்டார். இரண்டு நாள் தேவையானதை மட்டும் கதைத்தோம். மூன்றாம் நாள் காலையில் வாகனத்தை எடுக்கும்போது, "துவக்கை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார்.

"விற்கப் போகிறேன்."

"முக்காலியை விற்காதே. எதிர்ச்சரிவைப் பார்க்க எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். எட்டுப் பேரும் சுடுவதற்கென்று நிற்கிறோம். ஒழுங்காகப் பார்க்க ஒருவரும் இல்லை."

கடந்த இலையுதிர்காலம் அப்படித்தான் போனேன். பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற ஒரு பாறை மேட்டில் இடம் தந்தார்கள். கால்களைப் பாறை வெடிப்புகளில் ஊன்றி, உயரத்தைக் குறைத்து, ஒரு சிறிய கதிரையில் இருந்து பார்த்தேன். தொலைநோக்கியை ஓரிடத்துக்குத் திருப்பி இறுக்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வேன். பத்து மூச்சு விடும் நேரம் பார்ப்பேன். பிறகு ஒரு விரலளவு நகர்த்துவேன். இப்படிப் பார்த்தால் வெட்டிய காட்டின் சாம்பல் நிற அடிக்கட்டைகளுக்கு நடுவே ஓர் அடிக்கட்டைக்குக் காது இருப்பது தெரியும். இரண்டாம் நாள் ஒரு தாய் எல்க் காட்டு ஓரத்துக்கு வந்தது. கீழே துவக்கோடு நின்றவர் வோக்கிடோக்கியில், தனி எல்க், சுடலாமா என்று கேட்டார். அதற்குப் பின்னால் பேர்ச் மரங்களுக்குள் கன்று ஒன்று நின்றதை நான் கண்டிருந்தேன். தாய்க்குக் கன்று இருக்கிறது, வேண்டாம் என்றேன். அவர் துவக்கை இறக்கினார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. எனக்குச் சுடுவதற்குத் துவக்கு இல்லாததால் மனைவியும் வந்தார். இரண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, புளிச்சாதமும் சுடுதண்ணிப் போத்தலுமாக மேட்டில் ஏறி வந்து என் கதிரையில் இருந்தார். தொலைநோக்கியை அவரிடம் விட்டேன். எதைப் பார்க்க வேண்டும், எப்படி நகர்த்த வேண்டும் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. தன் பாட்டுக்குத் திருப்பி, பள்ளத்தாக்குக்கு அப்பால் இருந்த ஒரு பண்ணை வீட்டில் நிறுத்தினார்.

"எல்க் தெரியுதோ?"

"இல்லையப்பா. ஒரு மனிசி உடுப்புக் காயப்போடுறா" என்றார். கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மங்கல் வெயிலுக்கு என்னெண்டு காயப்போகுது?"